கூத்தும் காணியும்: நிகழ்ந்து மறையும் கலைக்குப் பரிசு எதற்காக?

மேடை நாடகமும் தெருக்கூத்தும் நிகழும்போது மட்டுமே இருப்பவை. திரை விழுந்த பின்போ, விடியலில் கூத்தர் அரிதாரத்தைக் கலைத்த பின்போ, இதுதான் அந்தக் கலை என்று சுட்டிக்காட்ட ஒரு பொருளும் எஞ்சுவதில்லை. சிற்பத்துக்குக் கல் உண்டு, காவியத்துக்கு ஏடு உண்டு, திரைப்படத்துக்குப் படச்சுருள் உண்டு. நடிப்புக்கோ நடித்தவரின் உடலும் கண்டவரின் நினைவும் தவிர வேறு இருப்பிடம் கிடையாது. செல்வம் வந்து சேர்வதைக் கூத்துக்களத்தில் மக்கள் கூடுவதற்கும், அது நீங்குவதை அவர்கள் கலைந்து போவதற்கும் திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் உவமையாக்கியது, நிலையாமையைக் காட்ட இதைவிடத் தெளிந்த சான்று தமிழர் வாழ்வில் இல்லை என்பதால்தான் போலும். அவ்வாறிருக்க, நடந்து முடிந்த ஒரு நாடகத்துக்குப் பரிசளிக்கும்போது அந்தப் பரிசு எதைச் சென்று சேர்கிறது என்ற கேள்வி எழுகிறது. நாடக விருது விழாக்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் இக்காலத்தில் அக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. ஏனெனில் நாடகத்தை ஒருநாளும் கண்டிராத பெருங்கூட்டம் அந்த நாடகத்துக்குச் செய்யப்படும் சிறப்பை மட்டும் காண்கிறது. மேலோட்டமாக நோக்கின் இது கலை நிருவாகம் சார்ந்த சிக்கல். உள்ளே சென்றால், செய்த வினை அழிந்த பின் அதன் பயன் எவ்வாறு வருகிறது, அப்பயனுக்கு உரியவர் யார் என்று இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட வழக்கே இது.

இவ்வகை விழாக்களுள் உலகம் நன்கறிந்தது அமெரிக்காவின் டோனி விருது விழா. அன்டோனெட் பெர்ரி என்ற நடிகையும் இயக்குநருமான பெண்மணியின் நினைவாகப் பெயரிடப்பட்ட அந்த விருது முதன்முதலில் 1947 ஏப்ரல் 6 அன்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் வழங்கப்பட்டது. 1967 முதல் விழா அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிறது. பிராட்வே அரங்குகளில் நேரில் கண்ட நாடகங்களுக்கே வாக்களிக்க வேண்டும் என்பது அவ்விருதின் அடிப்படை நெறி. நடுவராக அமர்வோர் நாடகம் நிகழ்ந்த இடத்தில் நிகழ்ந்த பொழுதில் உடனிருந்திருக்க வேண்டும் என்னும் இந்த நெறி, நிகழ்கலையின் இயல்பை மதிப்பது. ஆயினும் 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்ட பின், அந்தப் பருவத்துக்குரிய விருதுகள் 2021 செப்டம்பர் 26 அன்றுதான் வழங்கப்பட்டன. ஓராண்டுக்கும் மேலாக இருண்டு கிடந்த அரங்குகளின் நாடகங்களுக்கு அன்று பரிசு கிடைத்தது. கலை உறங்கிக் கிடக்கையிலும் அதற்குரிய சிறப்பு மட்டும் தனியே நடமாட முடியும் என்பதை அந்த நிகழ்வு எல்லோர் கண்முன்னும் நிறுத்தியது.

பரிசும் நாடகமும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்த கதை வடமொழி நாட்டிய சாத்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே தொடங்குகிறது. பரதர் தம் மைந்தர்களைக் கொண்டு இந்திரனின் கொடிவிழாவில் முதல் நாடகத்தை நிகழ்த்துகிறார். தேவர்கள் அசுரரை வென்றதே அதன் கதை. மகிழ்ந்த தேவர்கள் நடிகர்களுக்குப் பரிசுகளை வழங்குகின்றனர்: இந்திரன் தன் கொடியையும், பிரமன் வளைந்த கோலையும், வருணன் பொற்கலத்தையும், சூரியன் குடையையும், வாயு விசிறியையும், திருமால் அரியணையையும், குபேரன் மகுடத்தையும் தருகின்றனர், சிவன் தருவது சித்தி, அதாவது நிகழ்ச்சியின் நிறைவேற்றம். கதை இத்துடன் இனிதே முடிந்துவிடவில்லை. தங்கள் தோல்வி நடித்துக் காட்டப்படுவதைப் பொறாத அசுரர், விக்கினங்கள் எனப்படும் இடையூற்றுச் சக்திகளோடு வந்து நடிகர்களின் பேச்சையும் அசைவையும் நினைவையும் முடக்கிவிடுகின்றனர். இந்திரன் தன் கொடிக்கம்பத்தாலேயே அவர்களை நொறுக்குகிறான். அந்தக் கம்பம் சர்ச்சரம் என்ற பெயருடன் அரங்கின் காவற்பொருளாகிறது. உலகின் முதல் நாடகப் பரிசளிப்பே வென்றவர் தரப்பின் மகிழ்ச்சியாகவும் தோற்றவர் தரப்பின் சினமாகவும் பிளவுண்டது என்று ஒரு சாத்திர நூல் தன் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. பரிசளிப்பவர் கதையின் ஒரு பக்கத்தவராகவே இருக்கும்போது, அவர் பாராட்டுவது நடிப்பையா அல்லது தம் வெற்றியையா என்ற ஐயம் அங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது.

அதே நூலின் 27ஆம் அத்தியாயம் இந்த ஐயத்துக்கு நுட்பமான விடை ஒன்றைத் தருகிறது. நாடகத்தின் சித்தி இருவகை என்பது அதன் கருத்து. முதலாவது மானிட சித்தி: அவையோரின் புன்முறுவல், சிரிப்பு, வாய்விட்டுக் கூறும் பாராட்டு, மயிர்க்கூச்சு, இருக்கையைவிட்டு எழுதல், ஆடையும் மோதிரமும் எறிதல் ஆகியவற்றால் அறியப்படுவது. தெருக்கூத்துக் களங்களில் வேடக்காரரின் உடையில் பணத்தாளைக் குத்துவதும், கட்டியங்காரன் ஆட்டத்தைச் சற்றே நிறுத்தி இன்னாரின் அன்பளிப்பு இவ்வளவு என்று உரக்கக் கூவுவதும் இந்த மானிட சித்தியின் மரபைச் சேர்ந்தவையே. மற்றது தெய்விக சித்தி: ஓசை எழாது, கலக்கம் நேராது, இயற்கைக்கு மாறான குறி ஏதும் தோன்றாது, அரங்கம் நிறைந்திருக்கும் நிலை. உயர்ந்த வெற்றியின் அடையாளமாகக் கைதட்டலை வைக்காமல், நிறைந்த அவையின் ஓசையற்ற ஒன்றுதலை வைத்த அந்த ஆசிரியர் நாடகத்தின் உயிரை அறிந்தவர். ஒளிபரப்புக் கருவிகள் முகங்களையும் கண்ணீரையும் ஆரவாரத்தையும் எளிதில் கொண்டுசெல்லும்; அந்த இடத்தில் அந்தப் பொழுதில் உடனிருந்தோருக்கு மட்டும் வாய்க்கும் மௌனத்தை அவை கொண்டுசெல்ல இயலாது. ஆகவே தொலைக்காட்சி விருது விழா தன் இயல்பினாலேயே மானிட சித்தியின் விழாவாக மட்டும் அமைகிறது. அது குற்றமன்று, ஆனால் அதுவே முழுமை என்று கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது.

தமிழில் இதே வழக்கைச் சிலப்பதிகாரம் தன் கதையோட்டத்திலேயே வைத்து நடத்துகிறது. அரங்கேற்று காதையில் மாதவிக்கு முன் அரங்கில் நிறுவப்படும் தலைக்கோல், போரில் தோற்ற பகையரசனின் வெண்கொற்றக் குடையின் காம்பிலிருந்து செய்யப்பட்டது. கணுக்களில் ஒன்பான் மணிகள் பதித்து, இடைப்பகுதியைப் பொற்றகட்டால் மூடி, இந்திரன் மகனான சயந்தனாகவே எண்ணி அரண்மனையில் வைத்து வழிபடப்படுவது. அரங்கேற்ற நாளில் அது புண்ணிய நீரால் நீராட்டப்பட்டு, மாலை சூட்டப்பட்டு, பட்டத்து யானையின் கையில் கொடுக்கப்பட்டு, தேரை வலம் வந்து, தேர்மேல் நின்ற கவிஞன் கையில் சேர்ந்து, ஊர்வலமாகச் சென்று அரங்கை அடைகிறது. இன்றைய விருதுக்கும் அதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு அது வைக்கப்படும் நேரம்: ஆட்டம் தொடங்கும் முன்னரே தலைக்கோல் அரங்கில் நின்றுவிடுகிறது, ஆட்டத்தை முழுதும் காண்கிறது. தெய்வமே சான்றாக உடனிருந்து கண்ட பின்னர்தான், ஆடியவள் தலைக்கோலி என்ற பட்டத்துக்கு உரியவளாகிறாள். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் ஆடல் மகளிர் சிலர் இப்பட்டத்தைப் பெயரோடு தாங்கி வருகின்றனர்.

பட்டத்தோடு மாதவி பெற்றது 1008 கழஞ்சுப் பொன் பெறுமானமுள்ள மாலை. கழஞ்சு என்பது பொன் நிறுக்கும் பழைய அளவை. இளங்கோவடிகளின் பார்வை இங்கேதான் மிகக் கூர்மையாகிறது. அரசன் கையால் பெற்ற அம்மாலையை ஒரு கூனி, நகரத்துச் செல்வ இளைஞர் திரியும் மறுகில் எடுத்துச் சென்று விலை கூறுகிறாள். இதை வாங்குவோர் மாதவிக்கு மணமகனாவார் என்பது பேச்சு. கோவலன் வாங்குகிறான். கலைக்கு அளந்த பொன் ஓரிரவுக்குள் கலைஞரின் விலையாகிவிடுகிறது. கண்ணகியின் துயரும், கோவலனின் கொலையும், மதுரையின் எரியும் அந்த மறுகிலிருந்தே புறப்படுகின்றன. பரிசு கலையைவிட்டுப் பிரிந்து தனிப்பொருளாகச் சந்தையில் நடமாடத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை இதனினும் கடுமையாக எடுத்துரைத்த தமிழ் நூல் வேறில்லை. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் கோயில்கொண்ட மதுரகாளியம்மனை, மதுரையை எரித்தபின் சினம் ஆறாது வந்து தங்கிய கண்ணகியோடு இணைத்துப் பேசும் நம்பிக்கை இன்றும் அவ்வட்டாரத்தில் வாழ்கிறது. அந்தச் சினத்தின் தொடக்கத்தில் விலைபோன ஒரு பரிசு மாலையும் கிடக்கிறது என்பதைச் சிறுவாச்சூருக்குச் செல்வோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

அரசவையின் பொன்னிலிருந்து ஊர்ச்சபையின் வயலுக்கு வரும்போது வேறொரு சிந்தனை தென்படுகிறது. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள காமரசவல்லியின் கார்க்கோடேசுவரர் கோயிலில், முதலாம் இராசேந்திர சோழனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது 1041ஆம் ஆண்டளவிலான கல்வெட்டு ஒன்று உள்ளது. சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பவர் மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் ஒவ்வொரு விழாவிலும் மும்முறை சாக்கைக்கூத்து ஆட வேண்டும் என்றும், அதற்காக ஊர் மகாசபை அவருக்கு நிலம் வழங்கியது என்றும் அது பதிவு செய்கிறது. சாக்கையர் என்போர் கதை தழுவிய கூத்தைத் தொழிலாகக் கொண்ட மரபினர். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் முன், உமையொருபாகனின் ஆடலை ஆடிக்காட்டும் பறையூர்ச் சாக்கையன் இம்மரபின் முன்னோன். மாராயம் என்பது அரசன் அளிக்கும் சிறப்பு. போரில் அதைப் பெற்ற வீரனைப் பற்றித் தொல்காப்பியம் புறத்திணையில் பேசுகிறது. விக்கிரமசோழன் என்பதும் அரசப் பெயர். ஆகவே இக்கூத்தர் காமரசவல்லியின் களத்துக்கு வந்தபோதே விருது பெற்றவராக வந்தார் என்று கொள்ளலாம். அவர் இயற்பெயர் மறைந்து, விருதே பெயராகக் கல்லில் நிற்கிறது.

சபையார் அவ்விருதோடு இன்னொரு பட்டத்தைச் சேர்க்கவில்லை. அவர்கள் சேர்த்தது நிலம். ஆடலுக்காக விடப்படும் இத்தகைய நிலத்தைக் கல்வெட்டுகள் நிருத்தபோகம் என்றும், சாக்கையருக்கு உரியதைச் சாக்கைக்காணி என்றும் குறிக்கின்றன. காணி என்பது வழிவழியாக நுகரும் உரிமை. கவனிக்க வேண்டியது அதன் காலநோக்கு: அந்த நிலம் நேற்று ஆடிய ஆட்டத்துக்குக் கூலியாக வரவில்லை, அடுத்த திருவாதிரையில் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு வித்தாக வந்தது. திருவாவடுதுறைக் கல்வெட்டு ஒன்று ஆரியக்கூத்தின் ஏழு அங்கங்களைப் புரட்டாசி விழாவில் ஆடுவதற்குக் குமரன் சீகண்டன் என்பவருக்குச் சாக்கைக்காணி விட்டதைச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்குச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் ஆன விசயராசேந்திர ஆசாரியனுக்கு நாளொன்றுக்குத் தூணி நெல்லாக ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்கச் சொல்கிறது. மூன்று தூணி ஒரு கலம். எனவே 120 கலம் என்பது 360 நாளின் தூணிகள். ஆட்டம் நிகழ்வது ஒரு விழாவில்; நெல் அளப்பது ஆண்டு முழுதும். ஒரு விழா நாளின் ஆட்டத்துக்குப் பின்னால் பசியும் பயிற்சியும் குடும்பமும் கொண்ட ஓர் ஆண்டு முழுவதும் இருக்கிறது என்று அந்தக் கணக்கை எழுதியவர்கள் அறிந்திருந்தனர். அந்த நாடகத்தின் ஒரு வரியும் இன்று கிடைக்கவில்லை, நெல் அளந்த கணக்கு மட்டும் கிடைக்கிறது.

இக்கணக்கின் பின்னணியில் நிற்கும் மெய்யியல் சிக்கல் எளிதன்று. வேள்வியையே முதன்மையாகக் கொண்ட மீமாம்சை மரபு, வேள்வி இன்று முடிந்துவிடுகிறது, அதன் பயன் மறுமையில் வருகிறது, இடையில் இவற்றை இணைப்பது எது என்று கேட்டது. கண்ணுக்குத் தெரியாத, முன்பு இல்லாது வினையால் புதிதாகப் பிறக்கும் ஓர் ஆற்றலை அது அபூர்வம் என்று பெயரிட்டு இடையில் நிறுத்தியது. வினை அழிந்தாலும் அபூர்வம் அழியாது காத்திருந்து பயனை ஈனும் என்பது அதன் முடிவு. ஒவ்வொரு பொருளும் கணந்தோறும் தோன்றி அழிகிறது என்ற பௌத்தர், செய்தவனும் துய்ப்பவனும் முழுதும் ஒருவன் என்றோ முழுதும் வேறு என்றோ சொல்ல மறுத்து, தொடர்ச்சி ஒன்றையே ஒப்பினர். சைவ சித்தாந்தம் இருசாராரையும் மறுத்தது; அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் இம்மறுப்புகள் விரிவாக நடக்கின்றன. சித்தாந்தத்தின்படி வினை சடம், அதாவது அறிவற்றது. தானாகச் சென்று தன் பயனைச் சேர்க்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அறிவுடைய ஒருவன் கூட்டுவித்தால்தான் பயன் செய்தவனை அடையும். மெய்கண்டாரின் சிவஞானபோதம் இரண்டாம் சூத்திரத்தில் இக்கூட்டுவிப்பை இறைவனின் ஆணை என்று வைக்கிறது.

இந்த மூன்று நிலைகளையும் கூத்துக்குப் பொருத்திப் பார்த்தால் விருதுகளின் தன்மை விளங்கத் தொடங்கும். நடிப்பு முடிந்த பின்னும் அதன் பெருமை எங்கோ தானாகவே சேமிக்கப்பட்டு ஒருநாள் பதக்கமாக வந்து சேரும் என்று நம்புவோர் அபூர்வ வாதிகள். எழுபது வயது வரை ஆடிய கூத்தர் ஒருவர் அங்கீகாரம் தானே வரும் என்று காத்திருப்பது இந்நம்பிக்கையால்தான். பெருமை அவ்வாறு வருவதில்லை என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களின் பட்டறிவு உறுதியாகச் சொல்லும். கண்டவர், அறிந்தவர், பொறுப்பேற்றவர் என்று அறிவுடைய ஒருவர் இடையில் நின்று கூட்டுவித்தாலன்றி ஆட்டம் தன் பயனை அடைவதில்லை. சித்தாந்தி இறைவனுக்கு உரியதாக வைத்த பணியின் சிறு நிழலைத்தான் காமரசவல்லிச் சபையார் தங்கள் ஊரளவில் ஏற்றனர். மார்கழித் திருவாதிரை ஆடவல்லானின் நாள். ஐந்தொழிலையும் ஆடலாகவே நிகழ்த்தும் இறைவனின் விழாவில், ஊரார் சார்பில் மனிதக் கூத்தர் ஒருவர் ஆடுகிறார், அவர் உண்பதற்கு ஊர் வயல் விளைகிறது. ஆட்டமும் பயனும் ஒரே களத்தில் நிகழும் ஏற்பாடு இது.

இதே காமரசவல்லி இரதியின் வழிபாட்டோடு தொடர்புடைய ஊர் என்பது இவ்விடத்தில் பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த காமனை மீட்டுத் தருமாறு இரதி இங்கு வழிபட்டாள் என்பது தலபுராணம். மீட்கப்பட்டவன் பிறர் கண்ணுக்கு உருவமற்றவனாகவும் இரதிக்கு மட்டும் உருவுடையவனாகவும் ஆனான். மாசி மாதத்தில் தஞ்சை, திருச்சி, அரியலூர், பெரம்பலூர் வட்டார ஊர்களில் நடந்துவந்த காமன் பண்டிகையில் இலாவணி என்ற போட்டிப்பாட்டு உண்டு. டேப்பு என்னும் தோற்கருவியை முழக்கி, எரிந்த கட்சி காமன் எரிந்தே போனான் என்று பாட, எரியாத கட்சி எரியவில்லை என்று எதிர்த்துப் பாடும். இரவெல்லாம் கேள்வியும் விடையும் தொடரும். நிகழ்ந்து மறைந்தது அழிந்ததா அழியவில்லையா என்று மீமாம்சகரும் பௌத்தரும் சித்தாந்தியும் ஏட்டில் நடத்திய வாதத்தை உழவரும் கைவினைஞரும் களத்து மேட்டில் பாட்டாக நடத்தினர் என்று சொன்னால் மிகையாகாது. வாதம் ஒருபோதும் தீர்ப்பை எட்டியதில்லை. அடுத்த மாசியில் காமன் கம்பம் மீண்டும் நடப்பட்டு, இரு கட்சிகளும் மீண்டும் அமர்ந்தன. கண்டவளுக்கு மட்டும் உருவோடு இருப்பவன் என்ற அந்தப் புராணக் கருத்து, நேரில் கண்டவர் உள்ளத்தில் மட்டும் வாழும் நாடகத்துக்கும் முழுதும் பொருந்தும்.

பரிசைப் பற்றிய மற்றொரு சைவக் கருத்து அதே அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வடக்கு வாயிற்படிகளை ஒட்டிக் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. உமையுடன் அமர்ந்த சிவன், கைகூப்பிப் பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் மலர்மாலையைத் தம் கையாலேயே சுற்றுகிறார். இராசேந்திரனின் வெற்றிக்கு இறைவன் சூட்டிய சிறப்பையே சிற்பி உட்பொருளாக வைத்தான் என்று கலை வரலாற்றறிஞர் சிலர் கருதுவர். மாலை புதியதன்று, இறைவன் சூடியிருந்தது. இறைவன் சூடியும் உடுத்தும் களைந்த பொருள்களை நிர்மாலியம் என்பர். அவை சண்டேசருக்கே உரியவை என்பது சிவாலய நெறி. கோயில்களில் இன்றும் தலையில் கட்டப்படும் பரிவட்டம், அதாவது இறைவனுக்குச் சாத்திய துணியை மரியாதையாகச் சுற்றும் வழக்கம், இக்கருத்தின் தொடர்ச்சியே. இவ்வளவு பெருஞ்சிறப்பைப் பெற்ற சண்டேசர் முன்னால்தான், வழிபட்டுத் திரும்புவோர் வெறுங்கையைத் தட்டியோ தடவியோ காட்டி, சிவன் சொத்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று தெரிவித்துவிட்டுப் போகின்றனர். உயர்ந்த பரிசைப் பெற்றவர் அந்தப் பரிசின் காவலராகிறார், உடைமையாளராக அல்ல. விருது என்பது ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் பொறுப்பு என்ற கருத்தை இதைவிட உறுதியாகச் சொல்ல முடியாது.

இவ்வளவு சொன்ன பின், காணியைப் புகழ்ந்து பதக்கத்தை ஒதுக்குவது எளிது, அது நீதியாகாது. காணி முறை பிறப்போடு பிணைந்தது. சாக்கையர் மகன் சாக்கையன் என்ற வரம்புக்குள்தான் அது இயங்கியது. நிலத்தை விட்ட மகாசபை அந்தணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை. யார் ஆடலாம், எங்கே ஆடலாம் என்பதை முடிவு செய்த அவையில் கூத்தருக்கு இடம் இருந்ததாகக் கொள்ள முடியாது. நூற்றாண்டுகளாகக் கூத்தாடி என்ற சொல்லையே வசையாக வழங்கிய சமூகத்தில், ஒரு கூத்துக் கலைஞர் குடியரசுத் தலைவர் கையால் விருது பெறுவதை நாடே தொலைக்காட்சியில் காண்பது சிறிய செய்தியன்று. திருவண்ணாமலை மாவட்டத்தின் புரிசை கண்ணப்ப சம்பந்தன் 2025ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தெருக்கூத்து என்ற பெயர் அதுவரை நுழையாத வீடுகளிலும் ஒலித்தது. கருவூரிலும் கடலூரிலும் அரியலூரிலும் சலங்கை கட்டும் இளைஞனுக்கு அந்தக் காட்சி தரும் தலைநிமிர்வை எந்த நெற்கணக்கும் தர இயலாது. காணி உயிரைக் காத்தது. மானத்தைப் பெரும்பாலும் காக்கவில்லை. பதக்கம் மானத்தைத் தருகிறது. உயிர்காக்கும் பணியை அது ஏற்கவில்லை.

இன்றைய ஏற்பாடுகளைப் பார்த்தால் இக்குறை தெளிவாகும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் கலைமாமணி விருதை வழங்குகிறது. அதற்குக் கீழே, கலை பண்பாட்டுத் துறையின் வழியாக மாவட்டக் கலை மன்றங்கள், பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களில், வயதுவாரியாக ஐந்து விருதுகளை அளிக்கின்றன: 18 வயது வரை உள்ளோருக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. கலைஞரின் வாழ்நாள் முழுவதையும் கணக்கில் கொண்ட இவ்வமைப்பு நல்லெண்ணமும் நுட்பமும் உடையது. சிறுவயதிலேயே ஒருவரைக் கண்டறிந்து பெயரிட்டு அழைப்பது எந்தக் கலைக்கும் உரம். இவ்விருதுகள் ஒவ்வொன்றும் சான்றிதழாலும் பணமுடிப்பாலும் முன்பு ஆடியதைப் பாராட்டுகின்றன. அடுத்து ஆட வேண்டிய களத்தை, நாளை, அவையை அவை குறிப்பதில்லை. விழா மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்ட கூத்தர் அன்று ஆடுவதில்லை. ஆடினாலும் ஐந்து நிமிடத் துணுக்காக ஆடுகிறார். எட்டு மணி நேரக் கூத்து, ஒளிபரப்புக் கருவியின் பார்வைக்காகச் சுருங்கி ஓர் அடையாளச் சின்னமாகிறது. புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் நாடக விழா இதற்கு மாற்றான வழியைக் காட்டுகிறது: சிறப்புச் செய்தலும் விடிய விடியக் கூத்தும் அங்கே ஊர்க்களத்தில் ஒருசேர நடக்கின்றன, பாராட்டைக் கேட்ட அதே அவை ஆட்டத்தையும் காண்கிறது.

ஆகவே வேண்டப்படுவது மிகச் சிறியது. மாவட்டக் கலை மன்றங்கள் தாம் அளிக்கும் ஒவ்வொரு விருதுடனும், விருதாளரின் குழு அடுத்த மூன்றாண்டுகளில் முழு இரவுக் கூத்தை நிகழ்த்துவதற்கான நாளையும் ஊரையும் செலவையும் எழுத்தில் சேர்த்தளிக்க வேண்டும். வேடக்காரருக்கு மட்டுமன்றி, மத்தளம், தாளம், முகவீணை, பின்பாட்டுக் கலைஞருக்கும் ஊதியம் அதில் அடங்க வேண்டும். நடுவர்கள் ஒருமுறையேனும் ஊருக்குச் சென்று களத்தில் அமர்ந்து கண்ட பின்னரே பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும். விருது விழாவை ஒளிபரப்பும் தொலைக்காட்சி, விழா முடிந்த அந்த இரவே விருது பெற்றவரின் கூத்தைத் தொடக்கம் முதல் விடியல் வரை வெட்டாமல் ஒளிபரப்பட்டும். இந்து சமய அறநிலையத் துறை, கூத்துக்கும் ஆடலுக்கும் நிலம் விட்டதாகக் கல்வெட்டு உள்ள கோயில்களின் பட்டியலை எடுத்து, அந்தந்தத் திருவிழா நாளில் அந்தக் கோயில் வெளியில் ஒரு கூத்துக்கு இடமும் ஒளியும் உணவும் தர முன்வர வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மக்கள் தங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பெறும் உரிமை உடையவர்கள், கேட்க வேண்டும்.